அவள் குடிக்காத ஒயின்

பன்னிரண்டு நாள் விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய செவ்வாய்க்கிழமை காலை, கடையின் ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. அதற்குள் பஸ் டிரைவர் குனிந்து உள்ளே வந்துவிட்டார். செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த பாட்டிலைக் கல்லா மேசைமேல் டொக்கென்று வைத்தார்.

"இத எழுதினது நீங்கதானே?"

"எத அண்ணா?"

அவர் அவளை அக்கா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். யார் மூத்தவர் என்று எட்டு வருஷமாக இருவரும் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் அன்றைக்கு அவர் வாயில் அக்கா வரவில்லை.

"கோழியும் காளானும் சேத்து சமைக்கிற நாளுக்கு இதவிட நல்லது கிடைக்காதுன்னு எழுதி வெச்சிருந்தீங்க. கீழ உங்க பேரு. நம்பி வாங்கிட்டுப் போனேன். எங்களுக்குக் கல்யாணம் ஆகி இருபது வருஷம். ஞாயித்துக்கிழமை லீவு போட்டு நானே சமைச்சேன். காலைல எட்டு மணிக்கு அடுப்படியில நுழைஞ்சவன் ஒரு மணிக்குத்தான் வெளிய வந்தேன். மச்சான் குடும்பத்தோட வந்திருந்தான். ஒரு வாய் குடிச்சிட்டு, 'என்ன மாமா, டிப்போவுல டீசலப் பிடிச்சிட்டு வந்தீங்களா'ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க."

"அண்ணா..."

"அவன் சிரிச்சது கூடப் போகட்டும். என் பொண்டாட்டி மூஞ்சியச் சுளிக்காம அந்தக் கிளாஸ முழுசாக் குடிச்சா. 'நல்லாத்தாங்க இருக்கு'ன்னு எனக்காகப் பொய் சொன்னா. அதத்தான் என்னால தாங்க முடியல. காசத் திருப்பிக் கேக்க வரல. இனிமே யார நம்பி வாங்குறதுன்னு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். பத்து மணி வண்டி அவருடையது.

அவள் பாட்டிலைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தாள். தங்க நிறத்தில் லேபிள். அதில் ஓர் ஓநாய். இந்த ஓநாயை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

அது குடிகாரர்கள் வாசலில் நிற்கிற கடை இல்லை. பக்கத்தில் காய்கறிக் கடை, எதிரில் மருந்துக் கடை, இடையில் இது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு கையில் காய்ப்பையோடு வந்து, இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு பாட்டில் ஒயின் எடுத்துப்போவார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் கூட்டித் துடைக்கத்தான் அவளை வேலைக்கு வைத்தார்கள். கண் மட்டத்துத் தட்டுகளில் பெரிய பேர்போன ஒயின்களும், முழங்காலுக்குக் கீழே யாரும் குனிந்து பார்க்காத மலிவு ஒயின்களும் இருந்தன. தூசி தட்டக் குனிந்த அவள், ஒருநாள் அவற்றில் ஒன்றை வீட்டுக்கு வாங்கிப்போனாள். புருஷன் தச்சர். நாலு மணிக்கே வீடு திரும்பிவிடுவார் என்பதால் சமையல் அவர் பொறுப்பு. அன்றைக்கு வெங்காயம் நிறையப் போட்டு முட்டை செய்திருந்தார். அந்த முட்டையோடு அந்த வெள்ளை ஒயின் போன போக்கு இருவரையும் வாயடைக்க வைத்தது. மறுநாள் ஒரு பழைய காலண்டர் அட்டையைக் கத்தரித்து அவள் எழுதி ஒட்டினாள்: "வீட்டில் வெங்காயமும் முட்டையும் மட்டும் இருக்கும் நாளுக்கு. நன்றாகக் குளிரட்டும். மறுநாளைக்கு மிச்சம் வைக்காதீர்கள், கெட்டுப்போகும்."

ஒரு வாரத்தில் அந்த ஒயின் தீர்ந்துபோனது. கடைக்காரப் பெரியவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அட்டையைப் படித்தார். "இன்னும் எழுதும்மா" என்றார்.

அப்படித்தான் கீழ்த்தட்டு அவளுடையது ஆயிற்று. அவளுக்கு ஒரே ஒரு விதிதான். வீட்டில் எப்படியும் சமைக்கப்போகிற சாப்பாட்டோடு உட்கார்ந்து குடித்துப் பார்க்காமல் எதற்கும் அட்டை இல்லை. பத்து பாட்டில் போனால் இரண்டுக்குத்தான் அட்டை கிடைக்கும். மற்ற எட்டும் குழம்பில் போய்ச் சேரும். "இது சாப்பாட்டோட சண்டை போடுது" என்று தச்சர் சொல்லிவிட்டால் அதோடு சரி, மேல்முறையீடு கிடையாது. குறையையும் மறைக்க மாட்டாள். "தக்காளி சேர்த்துக் கொதிக்கவைத்த எதோடும் குடியுங்கள். தனியாகக் குடித்தால் என்னைத் திட்டுவீர்கள்" என்று ஒரு அட்டை நாலு வருஷமாக நின்றது. கீழே "அட்டை அக்கா" என்று போடுவாள். வாடிக்கையாளர்கள் வைத்த பெயர் அது. மேல்தட்டைப் பார்த்தபடி உள்ளே வருகிறவர்கள்கூட, கொஞ்ச நாளில் நேராகக் குனியப் பழகிவிட்டார்கள்.

இப்போது அவள் குனிந்து பார்த்தாள். கீழ்த்தட்டு முழுவதும் தண்ணீர் பாட்டில்கள்.

நிமிர்ந்தாள். கண் மட்டத்தில், அவளுடைய அட்டைகள் எல்லாம் பளபளவென்று அச்சில் வந்து நின்றன. அவளுடைய வாசகம், அவளுடைய கையெழுத்தைப் போலவே சாய்ந்த எழுத்து, கீழே "அட்டை அக்கா." அவற்றின் பின்னால் வரிசையாக ஓநாய், கழுகு, கப்பல், கிரீடம், கோட்டை. கீழ்த்தட்டு விலையைப் போல மூன்று மடங்கு விலை. தக்காளி அட்டையின் முதல் வரி இருந்தது. "தனியாகக் குடித்தால் என்னைத் திட்டுவீர்கள்" என்ற இரண்டாம் வரியை யாரோ வெட்டிவிட்டார்கள்.

"யார் செஞ்சது இது?" என்று கல்லாவில் இருந்த பெண்ணிடம் கேட்டாள்.

அந்தப் பெண் ரசீதுச் சுருளை மாட்டுகிற சாக்கில் தலையைத் தூக்கவே இல்லை. "மாப்பிள்ளதான் அக்கா. அட்டையெல்லாம் போட்டோ எடுத்துத் தரச் சொன்னாரு. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

மாப்பிள்ளை என்றால் பெரியவரின் மருமகன். பெரியவருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஆறு மாதமாகக் கடை அவர் கையில். முப்பத்திரண்டு வயசு. கடை மொத்தமும் அவரை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டது, ஏதோ ஊரே அவருக்குப் பெண் கொடுத்த மாதிரி. அவள் படி ஏறி மாடி அறைக்குப் போனாள். மாப்பிள்ளை டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒயின் அவருக்கு ஒத்துக்கொள்ளாது, நெஞ்சு எரியும் என்பார்.

"வாங்கக்கா வாங்க! அண்ணனுக்கு உடம்பு எப்படி இருக்கு? தையல் பிரிச்சாச்சா?"

"அந்த அட்டைங்க எல்லாம் என்ன தம்பி?"

"பாத்தீங்களா? எப்படி இருக்கு? நீங்க இனிமே சாதாரண ஆள் இல்லக்கா. ஒரு பிராண்டு!"

"நான் அந்த ஒயினக் கண்ணாலயும் பாத்ததில்ல. நான் எப்படி அதுக்குச் சொன்னேன்?"

"சொன்னது நீங்கதானே? கோழி, காளான், எல்லாம் உங்க வார்த்த. ஒரு எழுத்து நான் சேக்கல."

"அத நான் வேற ஒயினுக்குச் சொன்னேன்."

மாப்பிள்ளை சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. குழந்தைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர் சிரிப்பது மாதிரி. "அக்கா, ஒயின்னா எல்லாம் ஒண்ணுதான். செவப்பு, வெள்ள, அவ்வளவுதான். ஜனங்க பாட்டிலையா வாங்குறாங்க? பேச்சத்தான் வாங்குறாங்க. உங்க பேச்சு அடிமாட்டு விலைக்குப் போயிட்டிருந்துச்சு, நான் மேல தூக்கி வெச்சிருக்கேன். இருநூறு பெட்டி எடுத்திருக்கேன். அது போகட்டும், அப்புறம் உங்க இஷ்டம்."

"ஒருத்தரு இப்ப வந்து என்னக் கேட்டுட்டுப் போனாரு. கல்யாண நாளு அவருக்கு. சபையில அவர் மானம் போச்சு."

"ஒரு பாட்டில் ஃப்ரீயாக் குடுத்து அனுப்பியிருக்கலாமேக்கா!"

அவளுக்குக் காதுமடல் வரை சுட்டது. இவ்வளவு நாளில் அந்தக் கடைக்குள் அவள் குரலை உயர்த்தியதில்லை. அப்போதும் உயர்த்தவில்லை. உயர்த்தினால் அழுகை வந்துவிடும் என்று தெரியும். அழுதால் மாப்பிள்ளை தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பார் என்றும் தெரியும். "என் பேர எடுத்துடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். மேலேயிருந்து "பாப்போம்க்கா, பாப்போம்" என்று பதில் வந்தது.

மத்தியான இடைவேளையில் பெரியவர் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். மூன்று நிறுத்தம்தான். வழியெல்லாம் மனதுக்குள் பேச்சை அடுக்கிக்கொண்டு போனாள். பெரியவர் நியாயஸ்தர். அட்டையில் ஒரு எழுத்துப் பிழை இருந்தால்கூட அவளைக் கேட்காமல் திருத்தமாட்டார்.

பெரியவர் சாப்பாட்டு மேசையில் ஒற்றைக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். தட்டில் வேகவைத்த மீனும் உருளைக்கிழங்கும். அவள் சொன்னதை எல்லாம், முள் எடுத்தபடியே, தலையாட்டிக் கேட்டார்.

"நீ சொல்றது நூத்துக்கு நூறு சரிம்மா."

"அப்ப நீங்க சொல்லுங்க ஐயா அவருகிட்ட."

"எப்படிம்மா சொல்றது?" பெரியவர் குரலைத் தாழ்த்தினார். பின்கட்டில் மகள் இருந்தாள். "பொண்ணக் குடுத்திருக்கேன். நான் ஒண்ணு சொல்லி, அவரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, அது இவ தலையில விடியும். எனக்கும் வயசாச்சு. இந்தக் கால வச்சுக்கிட்டு நான் யார எதுத்து நிக்க? கொஞ்சம் பொறுத்துப் போ. இருநூறு பெட்டிதானே?"

அப்போதுதான் அவள் அவருடைய கிளாஸைப் பார்த்தாள். வெளிர் பச்சை ஓடிய வெள்ளை ஒயின். தட்டுக்குப் பின்னால் பாட்டில். லேபிள் திரும்பியிருந்தாலும் அதன் ஒல்லித் தோளை அவளுக்குத் தெரியும். கீழ்த்தட்டில் வலது ஓரம். வேகவைத்த மீனுக்கு என்று எழுதி அவள் நாலு வருஷம் விற்றது.

அவள் பார்வை போன இடத்தைப் பெரியவரும் பார்த்துவிட்டார். வெட்கப்பட்டிருந்தால்கூட அவள் மன்னித்திருப்பாள். அவர் மலர்ந்து சிரித்தார். "உன்னோடதுதாம்மா. மாப்பிள்ள தட்டக் காலி பண்ணப்ப எனக்குன்னு ரெண்டு பெட்டிய வீட்டுக்கு எடுத்துட்டு வரச் சொல்லிட்டேன். புதுசு எனக்குச் சரிப்படல. ஒரு கிளாஸ் ஊத்தட்டுமா?"

மாப்பிள்ளையின் மேல் வந்த கோபம் சூடானது, சட்டென்று மேலே ஏறியது. இது அப்படி இல்லை.  மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்து, தனக்கு மட்டும் இரண்டு பெட்டி எடுத்து வைத்துக்கொண்டு, ஊருக்கு ஓநாயை ஊற்றச் சொல்லிவிட்டார்.

"வேணாம் ஐயா. நீங்க நல்லாக் குடிங்க" என்றாள். அவள் சொன்ன விதத்தில் பெரியவர் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். அவள் செருப்பு மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று வீட்டில் பாத்திரங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. தச்சர் நாற்காலியில் வயிற்றில் தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குடல் இறக்கத்துக்கு அறுவை செய்து, தையல் பிரித்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. இருமினாலே வலிக்கும்.

"அந்த வாணலி உனக்கு என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றார்.

"சிரிக்க வெக்காதீங்க. எனக்குச் சிரிக்க இஷ்டமில்ல."

"சரி, என்ன செய்யப்போற?"

"அவனுங்க தலையில அந்த ஓநாய உடைக்கப் போறேன்."

"உடைச்சிட்டு?"

 வாணலியைத் திரும்ப அடுப்பில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "குடிக்காம எப்படித் திட்டுறது?" என்றாள். அந்தக் கோபத்திலும் விதி விதிதான். அந்த ஒயின்களைப் பற்றி டிரைவர் சொன்னது மட்டுமே அவளுக்குத் தெரியும். கேள்விப்பட்டதை வைத்துப் பேசினால் மாப்பிள்ளைக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்?

மறுநாள் ஓநாயிலிருந்து கோட்டை வரை ஐந்து பாட்டிலையும் தன் காசில் வாங்கி வந்தாள். புதன், வியாழன், வெள்ளி, மூன்று நாளும் சாயங்கால ஆறு மணிக்கு பந்திக்கு இலை போடுகிற மும்முரத்தில் அடுப்பு எரிந்தது. தச்சர் நாற்காலியிலிருந்து வாயால் சமைத்தார், அவள் கையால் சமைத்தாள். மாத்திரை சாப்பிடுவதால் அவர் முகர்ந்து பார்க்க மட்டுமே அனுமதி. குடிக்க மாடி வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார்கள். அந்தம்மா யாருக்கும் முகதாட்சண்யத்துக்காகப் பேசாதவள்.

ஓநாயோடு கோழியும் காளானும், டிரைவர் செய்ததைப் போலவே. தையல்காரம்மா ஒரு வாய் குடித்தாள், கோழியைக் கடித்தாள், மறுபடி ஒரு வாய் குடித்தாள். "கோழிக்குத் தொணையாக் குடிக்கிற மாதிரி இல்ல, கோழிய வெல்லப்பாகுல முக்கி எடுக்குற மாதிரி இருக்கு" என்றாள். அவ்வளவு இனிப்பு. இனிப்பு போனதும் நாக்கின் ஓரத்தில் கருகின கட்டையின் கசப்பு. காளானின் மண்வாசம் அதற்கு அடியில் மூச்சுத் திணறியது. கழுகு பொரித்த மீனை நாசம் செய்தது. கப்பலில் துவர்ப்பு, புளிப்பு, வாசனை என்று எதுவுமே இல்லை, நிறம் மட்டும் இருந்தது. கிரீடத்தைத் தச்சர் முகர்ந்ததோடு சரி, "சன்னலத் திற" என்றார்.

ஐந்தாவது, கோட்டை. பயறும் உருளைக்கிழங்கும் சேர்த்து வேகவைத்து, மேலே வறுத்த பூண்டு போட்டிருந்தார்கள். அவள் குடித்தாள். தையல்காரம்மாவைப் பார்த்தாள். தையல்காரம்மாவும் அவளைப் பார்த்தாள்.

"நல்லா இருக்கே" என்றாள் தையல்காரம்மா, ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவளைப் போல.

நன்றாகத்தான் இருந்தது. பயற்றின் மாவுத்தன்மையை மெல்லிய துவர்ப்பு துடைத்துக்கொண்டு போனது, அடுத்த வாய்க்கு நாக்கு காத்திருந்தது. அவளுக்கு அந்த ஒயின்மேலேயே ஆத்திரம் வந்தது. இதுவும் மோசமாக இருந்திருந்தால் எவ்வளவு சௌகரியம்!

"நல்லா இருந்தா நல்லா இருக்குன்னுதான் எழுதணும்" என்றார் தச்சர்.

"தெரியும். நீங்க சும்மா இருங்க."

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கடையில் நல்ல கூட்டம். அவள் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, தன் பையிலிருந்து ஐந்து அட்டைகளை எடுத்தாள். கையால் எழுதியவை. அச்சு அட்டைகளுக்குக் கீழே ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டே போனாள். ஒளித்துச் செய்யவில்லை. முதலில் கவனித்தவர் எதிர்வரிசை மருந்துக் கடைக்காரர். ஓநாய்க்கு முன்னால் நின்று சத்தமாகப் படித்தார்.

"'கோழி, காளான் இரண்டையும் கெடுக்கும். இருமல் மருந்தில் கருகிய கட்டையை ஊறவைத்த ருசி. என் பெயரை நம்பி இதை வாங்கியவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.' அக்கா, எங்க கடை இருமல் மருந்து நல்லா இருக்கும். அதோட இத ஏன் சேக்குறீங்க?"

நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்புக்கு இன்னும் நாலு பேர் திரும்பினார்கள். கழுகுக்குக் கீழே "மீன் பாவம்" என்று மட்டும் இருந்தது. கோட்டைக்கு முன்னால் நின்ற ஒரு பெண் தன் கணவனுக்குப் படித்துக் காட்டினாள்: "'இது நல்ல ஒயின். பயறு செய்யும் நாளுக்கு அருமை. விலைதான் அநியாயம். பாதியாகக் குறைக்கும் வரை பொறுங்கள்.'" கணவன் எடுத்த பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டான்.

மாப்பிள்ளை மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தார்.

"என்னக்கா இது? என்ன காரியம் செய்றீங்க?"

"குடிச்சுப் பாத்தேன் தம்பி. எழுதிட்டேன். எப்பவும் செய்றதுதான்."

"கிழிங்க அத!"

"நான் எழுதினத நான் கிழிக்க மாட்டேன். நான் எழுதாதது இங்க நிறைய இருக்கு, அதக் கிழிக்கட்டுமா?"

கேட்டுவிட்டு நிற்கவில்லை. அச்சு அட்டைகளை வலது கோடியிலிருந்து பிடுங்க ஆரம்பித்தாள். பொருத்தியிருந்த பிளாஸ்டிக் கொக்கிகள் டக் டக்கென்று உடைந்தன. மாப்பிள்ளை கையை நீட்டினார், பிறகு சுற்றி இருந்தவர்களைப் பார்த்து மடக்கிக்கொண்டார். அவர் முகம் இப்போது வேறாகியிருந்தது. அக்கா, தம்பி எல்லாம் போய்விட்டது.

"நீங்க யாரு இதெல்லாம் செய்ய? அது கடைச் சொத்து."

"என் பேரு எப்படிங்க கடைச் சொத்தாகும்?"

"உங்க பேரா? சம்பளப் பட்டியல்ல உங்க பேரு வேற. 'அட்டை அக்கா' கஸ்டமர் வெச்சது. கடையில வெச்சது. நாளைக்கே வேற ஒரு பொம்பளைய அங்க நிக்க வெச்சு அதே பேரச் சொல்லுவேன். கேக்க முடியுமா உங்களால? அட்ட மாதிரி பதினோரு வருஷம் இந்தக் கடைய ஒட்டி உறிஞ்சிட்டு இருந்தவங்கதானே நீங்க?"

 மருந்துக் கடைக்காரர் தரையைப் பார்த்தார். கல்லாப் பெண் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

அவளுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. எந்த வாடிக்கையாளர் வீட்டில் யாருக்குப் புளிப்பு ஆகாது, யார் மாசக் கடைசியில் மட்டும் வருவார், யார் தனியாகச் சாப்பிடுவதால் சின்ன பாட்டில் கேட்பார் என்று, இந்த ஆளுக்கு ஏழு ஜென்மத்துக்கும் தெரியாத விஷயங்கள். அதில் ஒன்றைக்கூட இவர் காதில் போடுவது வீண் என்று தோன்றியது.

"உறிஞ்சினதுதான்" என்றாள்.  "பத்து பாட்டில உறிஞ்சிட்டு ரெண்ட இவங்களுக்குக் குடுத்தேன். நீங்க ஒரு சொட்டுக் குடிக்காம எல்லாத்தையும் இவங்க தலையில கொட்டுறீங்க. யாருக்கு வெக்கம் வரணும்?"

"வெளிய போங்க. இனிமே இந்தப் படியேறாதீங்க."

ஏப்ரனை அவிழ்த்து, மடித்து, கல்லாவில் வைத்தாள். பிடுங்கிய அட்டைகளை மட்டும் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் காய்ப்பையோடு நின்ற ஒரு அம்மாள், "என்னாச்சு அக்கா?" என்று கேட்டாள். "உள்ள போய்ப் பாருங்க. எதையும் வாங்காதீங்க" என்றாள்.

நேராக பஸ் டிப்போவுக்கு நடந்தாள். டிரைவர் ஓய்வறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். அவள் உட்காரவில்லை.

"அண்ணா, அது நான் எழுதினது இல்ல. நான் குடிக்காதது. ஆனா பேரு என்னோடது, அதனால பதில் சொல்ல வேண்டியதும் நான்தான். மன்னிச்சிடுங்க. வீட்ல அண்ணிகிட்டயும் சொல்லிடுங்க."

நடந்ததை எல்லாம் கேட்ட டிரைவர் டிபன் டப்பாவை மூடி வைத்தார். பிறகு, "வேலையே போச்சா?" என்றார்.

"போச்சு."

"நான் அன்னைக்கு அப்படிக் கத்தியிருக்கக் கூடாது."

"கத்தினதுதான் சரி. நீங்க கத்தலேன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கு அவர்மேலும் கோபம் வந்தது, அவர் மன்னிப்புக் கேட்டதற்காக. யார் யாரோ செய்த தப்புக்கு அவரும் அவளும் மாறி மாறி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்!

அவள் ஜெயித்தாள் என்று சொல்ல முடியாது. திங்கட்கிழமையே அச்சு அட்டைகள் திரும்ப ஏறின, அதே பெயரோடு. கல்லாப் பெண் போனில் சொன்னாள். சில வாடிக்கையாளர்கள் கடை மாறினார்கள், நிறையப் பேர் மாறவில்லை. இரண்டு மாதத்தில் ஓநாய் முழுவதும் விற்றுத் தீர்ந்தது. பெரியவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. ஆற்றாமையில் அவள் தொழிலாளர் அலுவலகத்துக்கும் போய் வந்தாள். அங்கிருந்த எழுத்தர், சேரவேண்டிய பாக்கிச் சம்பளத்துக்கு மனு எழுதித் தந்தார். பெயரைப் பற்றி அவள் சொன்னதை மனுவில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

மூன்றாம் மாதம் ஒரு கூட்டுறவு மளிகைக் கடையில் வேலை கிடைத்தது. மாவு மூட்டை, சோப்பு, விளக்குமாறு விற்கிற கடை. மேலாளர் ஒரு குண்டு அம்மாள், வாய் நிறையப் பேசுகிறவர்.

"கோபக்காரின்னு கேள்விப்பட்டேனே?"

"ஆமாங்க."

"மறைக்க மாட்டியா?"

"எதுக்கு மறைக்கணும்? காரணம் இல்லாமப் பட மாட்டேன்."

மேலாளர் அம்மாள் அவளைக் கடைசி வரிசைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். ஊறுகாய்ப் பாட்டில்களுக்கு அடுத்து ஒன்பது வகை ஒயின், எல்லாம் மலிவு. "இதுல எது நல்லதுன்னு எனக்கே தெரியாது. ஜனங்க கேட்டா திருதிருன்னு முழிக்கிறேன். நீ ஏதாவது எழுதி வையேன், போகட்டும்."

"குடிக்காம எழுத மாட்டேன். நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னுதான் எழுதுவேன்."

"ஒம்போதும் நல்லா இல்லேன்னா?"

"ஒம்போதும் நல்லா இல்லேன்னு எழுதுவேன்."

மேலாளர் அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்தார். "சரி, அப்ப வேற பாத்து வாங்கலாம்" என்றார். அவ்வளவு சுலபமாக அவர் சொன்னதில், பழைய கடையில் இதற்காகத் தான் பட்ட பாடு நினைவுக்கு வந்து அவளுக்கு மறுபடி கோபம் பற்றிக்கொண்டது.

முதல் பாட்டிலை அன்றைக்கே எடுத்துப்போனாள். ஒரு சிவப்பு. தச்சருக்கு மாத்திரை நின்று இரண்டு வாரம் ஆகியிருந்தது. பீன்ஸும் கேரட்டும் மிளகும் போட்டு, எலும்போடு ஆட்டுக்கறியை மத்தியானத்திலிருந்து சின்னத் தீயில் வைத்திருந்தார். இருவரும் சன்னல் பக்கம் உட்கார்ந்தார்கள். அவர் கிளாஸை எடுத்தார், முகர்ந்தார், குடித்தார். கறியைப் பிட்டு வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார்.

"என்ன?" என்றாள்.

"இரு."

"சொல்லுங்க."

"சண்ட போடல" என்றார்.

அவளும் குடித்தாள். கறியின் கொழுப்பு நாக்கில் படிவதற்குள் ஒயின் அதைக் கழுவி, மிளகை மட்டும் விட்டுவைத்தது. பிரமாதம் என்று சொல்ல மாட்டாள். ஒழுங்கான ஒயின். மூன்று மாதத்தில் முதல்முறையாக அவள் ஒரு சாப்பாட்டை மாப்பிள்ளை முகம் நினைவுக்கு வராமல் சாப்பிட்டு முடித்தாள். தட்டுகளைக் கழுவப் போட்டபோது அந்த முகம் திரும்பி வந்தது. அவள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, தேய்த்தாள்.